கணினி வாங்கினோம், ஆளை அமர்த்தினோமா?

2011 மே மாதம் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ‘சாகா-220’ மீக்கணினி இயங்கத் தொடங்கியபோது, இந்தியாவின் மிக வேகமான கணினி இருக்கும் ஊர் என்ற பெருமை இந்நகருக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 14 கோடி ரூபாய் செலவு, 400 வரைகலைச் செயலிகள், நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்குகள். இன்று தரவு மையங்களுக்கென விற்கப்படும் உயர்ரக வரைகலை அட்டைகள் பத்துக்குள் இருந்தாலே அந்த வேகம் வந்துவிடும். இது யாருடைய குறையும் இல்லை. கணினியின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால், ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும் இயந்திரத்துக்காகக் கோப்பு நகர்கிறது, டெண்டர் விடப்படுகிறது, திறப்பு விழா நடக்கிறது. அந்த இயந்திரத்தை வைத்து முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஆளுக்கோ ஓராண்டு ஒப்பந்தம், அது முடிந்தால் இன்னோர் ஆண்டு நீட்டிப்பு. மூலக்கூறு சிமுலேஷன் என்கிற துறையில் நம் நாடு செய்துவரும் பெரும் பிழை இதுதான் என்பது என் வாதம். இந்தத் துறையில் முன்னேற்றத்தைத் தீர்மானித்தது எப்போதும் ஆட்கள்தாம். அந்த ஆட்களுக்கு நிலையான இடம் தராமல் இயந்திரம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் போட்ட பணமும் பலன் தராது.

துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எஃகு, கண்ணாடி போன்ற திடப்பொருட்களின் அணுக்கள் பெரும்பாலும் தத்தம் இடத்தில் நிற்பவை. ரப்பர், பசை, களிம்பு, பால், ரத்தம், செல்லின் மேலுறை, தசைநார் போன்றவை அப்படியல்ல. அறை வெப்பமே அவற்றின் மூலக்கூறுகளை ஓயாமல் உலுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஓயாத அசைவிலிருந்துதான் அவற்றின் குணமே பிறக்கிறது. நுண்ணோக்கியில் அணு அணுவாக அந்த அசைவைப் பார்ப்பது பெரும்பாலும் இயலாது. ஆகவே விஞ்ஞானிகள் கணக்கில் இறங்குகிறார்கள். ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி அதைத் துளி நகர்த்தி, மறுபடியும் விசையைக் கணக்கிட்டு, மறுபடியும் நகர்த்துவது. ஒரு நகர்வு என்பது நொடியில் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறிய நேரம். வழக்கமாக இரண்டு ஃபெம்டோ நொடி. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் நடப்பதைப் பார்க்கவே 50 கோடி நகர்வுகள் வேண்டும். செல் உறை, அதில் பதிந்த ஒரு புரதம், சுற்றிலும் தண்ணீர் என்றால் அணுக்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகும். எந்த அணுக்களைத் தனித்தனியாக வைப்பது, எவற்றைச் சேர்த்து ஒரே மணியாகக் கருதுவது, எந்த விசைச் சூத்திரத்தை நம்புவது, எப்போது கணக்கை நிறுத்துவது என்பதையெல்லாம் இயந்திரம் முடிவு செய்யாது. பல ஆண்டுகள் கைபழகிய ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தத் துறையின் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது என்பதை நாம் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி.என். ராமச்சந்திரனை, முப்பது வயதை ஒட்டியிருந்த இளைஞரை, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக அமர்த்தினார் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவரைப் பரிந்துரைத்தவர் சி.வி. ராமன். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோலின் முக்கியப் புரதம் கொலாஜன். கங்காரு வால் தசைநாரிலிருந்து கிடைத்த எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு, 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு முச்சுருள் அமைப்பை முன்வைத்தார்கள். அதன் திருத்திய வடிவத்தைப் பார்த்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், சில அணுக்கள் ஒன்றையொன்று மீறி நெருங்கியிருக்கின்றன என்று மறுப்புச் சொன்னார்கள். மறுப்பைத் தட்டிக்கழிக்காமல் ராமச்சந்திரன் அடிப்படைக் கேள்விக்குப் போனார்: இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் மேசைக் கணக்குப் பொறிகளில் செய்த அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் 1963இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கவே முடியாது என்று அது சொல்கிறது. இன்றும் உலகில் எந்த ஆய்வகத்தில் புரத அமைப்பு தீர்மானிக்கப்பட்டாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை. அங்கே மீக்கணினி இல்லை. நம்பி அமர்த்தப்பட்ட ஓர் ஆசிரியர், கூடவே தங்கிய மாணவர்கள், நடந்துபோகும் தூரத்தில் பொருளைத் தரக்கூடிய ஓர் ஆய்வு நிலையம், பத்தாண்டு அவகாசம். இவை இருந்தன.

அடுத்த சான்றும் நம்மவர்தான். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1960இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். 1964இல் 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கணினியில் பின்தொடர்ந்து, ஒரு திரவம் எப்படி இருக்கிறது என்பதை அணுக்களிலிருந்தே கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கட்டுரையில் அவர் பெயர் மட்டுமே உண்டு. 1971இல் ஃபிராங்க் ஸ்டில்லிங்கருடன் 216 தண்ணீர் மூலக்கூறுகளை ஆராய்ந்தார். இன்று நடக்கும் புரத சிமுலேஷன்களில் சுற்றிலும் நிரப்பப்படும் தண்ணீருக்கு அந்த வேலைதான் முன்னோடி. கால் நூற்றாண்டு அந்த ஆய்வகம் அவருக்கு இடம் கொடுத்து வைத்திருந்தது. இயந்திரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1977இல் மார்ட்டின் கார்ப்ளஸ் குழு ஒரு சிறு புரதத்தைப் பின்தொடர முடிந்தது பத்து பிக்கோ நொடிக்கும் குறைவான நேரம்தான். 2010இல் டி.இ. ஷா நிறுவனம் இதற்கென்றே வடிவமைத்த ‘ஆன்டன்’ கணினி, அதே புரதத்தை ஒரு மில்லி நொடி பின்தொடர்ந்தது. பத்து கோடி மடங்கு நீளம். ஆனால் ஆன்டன் கடையில் வாங்கிய பெட்டி அல்ல. வேதியியலாளரும் நிரல் எழுதுபவரும் மின்சுற்று வடிவமைப்பவரும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்ததன் விளைவு அது.

நிரல் எழுதுபவரை இரண்டாம் தரமாக நினைக்கும் பழக்கம் இந்தத் துறையோடு கூடப் பிறந்தது. 1953இல் லாஸ் அலமோசில் உருவான புகழ்பெற்ற கணக்குமுறைக்கு, அதன் ஆசிரியர்களில் ஒருவரான மெட்ரோபோலிஸின் பெயர் நிலைத்துவிட்டது. மானியாக் கணினிக்கு அதை நிரலாக எழுதியவர் அரியானா ரோசன்புளூத் என்ற பெண்மணி. கட்டுரையில் ஐவரில் ஒருவராக அவர் பெயர் இருந்தும், பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்வதில்லை. 2020 டிசம்பரில் அவர் இறந்தபோதுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. இன்றைய நிலையைப் பாருங்கள். இந்திய ஆய்வகங்களில் அன்றாடம் ஓடும் சிமுலேஷன் நிரல்களில் க்ரோமாக்ஸ் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் பிறந்தது, லாம்ப்ஸ் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் பிறந்தது, சார்ம் ஹார்வர்டில். மூன்றும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவோ அதை ஒட்டியோ தொடர்ந்து பராமரிக்கப்படுபவை. எழுதியவருக்கு வேலை நிலைத்ததால்தான் நிரலும் நிலைத்தது. பிரிட்டனில் ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர் என்றொரு பணிப்பிரிவே உருவாகி, 2019இல் அவர்களுக்கென ஒரு சங்கமும் அமைந்துவிட்டது. நம் பல்கலைக்கழகங்களின் பணியிடப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் ஐந்து ஆண்டுகள் எழுதிச் சீர்செய்த நிரல், அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும் யாரும் திறக்காத கோப்பாகிவிடுகிறது. அடுத்து வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். இந்த வீணடிப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வராது.

திருவனந்தபுரத்தை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், கிண்டியும் அடையாறும் அன்று தந்த வாய்ப்பைவிடப் பெரிய வாய்ப்பு இன்று இங்கே இருக்கிறது. 2008இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் பொன்முடி அடிவாரத்தில், விதுராவில் வளாகம் அமைத்திருக்கிறது. மூலக்கூறு சிமுலேஷனில் ஈடுபடும் குழுக்கள் அங்கே உண்டு. பாப்பனங்கோட்டில் பல்துறை அறிவியல், தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம். நகருக்குள்ளேயே ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ நிறுவனம். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கணினி உயிரியல் துறை. உயர்வேகக் கணினிகளைக் கட்டும் சி-டாக் நிறுவனத்தின் ஒரு மையமும் இங்குதான். ஸ்ரீசித்ராவின் இதய வால்வு கதை மட்டுமே போதும். எம்.எஸ். வலியத்தான் தலைமையில் எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த முயற்சியில் முதல் மாதிரிகள் தோற்றன. செயற்கை நீலக்கல் தட்டுகூட முயன்று பார்க்கப்பட்டுக் கைவிடப்பட்டது. கடைசியில் கைகொடுத்தது மிக நீண்ட சங்கிலி கொண்ட பாலிஎத்திலீன் தட்டு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உடலில் ஏறியது. ரத்தம் ஒரு செயற்கைப் பரப்பைத் தொட்டதும் முதலில் நடப்பது புரதங்கள் அதில் போய் ஒட்டுவதுதான். உறைதல் அதன் பிறகு. எந்தப் புரதம், எந்தப் பக்கமாக, எவ்வளவு அழுத்தமாக ஒட்டுகிறது என்பது மூலக்கூறு சிமுலேஷன் நேரடியாகக் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கான ஆய்வுக்கூடமும் கணக்கிடுபவரும் ஒரே நகரில் இருக்கும் ஊர்கள் நாட்டில் அதிகமில்லை.

இன்னும் பக்கத்தில் பார்த்தால் ரப்பர். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் விடியுமுன் பால் வெட்டப் போகும் தொழிலாளியின் சிரட்டையில் வடிவது, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள். ஒவ்வொரு துகளையும் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. உறையின் எதிர்மின்னூட்டம் துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் அந்த விலக்கம் போய், பால் கட்டியாகி, ஷீட்டாகிறது. துகளுக்குள்ளே இருப்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட சங்கிலிகளின் இடியாப்பச் சிக்கல். வேதியியல்படி ஏறக்குறைய அதே சங்கிலியைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடிகிறது. ஆனாலும் விமானச் சக்கரத்தின் டயருக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் வேண்டியிருக்கிறது. மரத்திலிருந்து கூடவே வரும் அந்தக் கொழுப்பும் புரதமும் சங்கிலிகளின் முனைகளைப் பிணைப்பதா, இழுக்கும்போது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதா, இரண்டுமா என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அலசிக்கொண்டிருக்கிறார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் லட்சக்கணக்கான சிறு விவசாயிகளின் வாழ்வைத் தொடும் ஒரு பொருள் இது. அதன் அடிப்படைக் கேள்விக்கு விடை தேடும் வேலையை நம் ஊர்க்காரர்கள் செய்யாமல் வேறு யார் செய்வது?

இந்த வேலைக்கு வர நினைக்கும் மாணவருக்கு நாம் காட்டும் பாதை எப்படியிருக்கிறது? நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ எம்.எஸ்சி. முடித்து, நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்கான தகுதியோடு தேறினால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். இது 2023 ஜனவரி முதல் உள்ள விகிதம். ஐந்து ஆண்டுகளில் உதவித்தொகை நின்றுவிடும். ஆய்வு ஐந்து ஆண்டுகளில் முடிவது அபூர்வம். பிறகு வெளிநாட்டில் இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து ஆண்டுகள். திரும்பி வரும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும். விண்ணப்பிக்கும் இடங்களோ கைவிரல் எண்ணிக்கை. அதே மாணவருக்கு நிரல் எழுதத் தெரியும், புள்ளியியல் தெரியும், திருவனந்தபுரத்தின் மென்பொருள் வளாகமான டெக்னோபார்க் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆய்வில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர், இருக்க இடமில்லாமல் போவதுதான் வருத்தம். 2015இல் 4,500 கோடி ரூபாயில் தேசிய மீக்கணினித் திட்டம் அறிவிக்கப்பட்டது நல்ல காரியம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் நிறுவப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினி அதன் பயன்தான். சென்னை, பாலக்காடு ஐ.ஐ.டி.கள் உட்பட நான்கு இடங்களில் பயிற்சி மையங்களும் அமைத்தார்கள். பயிற்சி வேறு, பணி வேறு. பயிற்சி பெற்றவர் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பதற்குத் திட்டத்தில் பதில் இல்லை.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. கணினியில் ஓடுவது வெறும் படம், ஆய்வுக்கூடத்தில் கண்டதே உண்மை என்பது முதல் மறுப்பு. செல்லுக்குள் தண்ணீர் புகும் அக்வாபோரின் என்ற புரதக் குழாயை எடுத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகும் அந்தக் குழாயில், தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு புரோட்டான் மட்டும் கடப்பதில்லை. ஏன் என்ற கேள்விக்கு 2001, 2002இல் வந்த சிமுலேஷன்கள், குழாயின் நடுவில் தண்ணீர் மூலக்கூறு தலைகீழாகப் புரள்வதைக் காட்டின. அந்தப் புரளல்தான் தடை என்றார்கள். ஓரிரு ஆண்டுகளில் வேறு குழுக்களின் கணக்குகள், புரதத்தின் மின்புலமே முதன்மைத் தடை என்று திருத்தின. தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் துறை வெறும் படம் அல்ல. 2020இல் சான் டியேகோவில் ரோமி அமாரோ குழு, கொரோனா வைரஸின் முள்புரதத்தில் இரண்டு சர்க்கரைக் கிளைகள் கவசமாக இருப்பதோடு, அந்த முள்ளைத் திறந்த நிலையில் தாங்கியும் பிடிக்கின்றன என்று கணக்கிட்டது. அந்த இடங்களை மாற்றிச் சோதனை செய்தபோது, மனித செல் ஏற்பியோடு முள் ஒட்டுவது குறைந்தது. கணக்கு முன்னே போய்ச் சொன்னது, சோதனை பின்னே வந்து உறுதி செய்தது. தவறான விசைச் சூத்திரத்தை வைத்து அழகான அசைபடம் தயாரிப்பவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களை இனம்காணவும் அனுபவசாலிகள்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்தத் துறை எதற்கு என்பது இப்போது அடிக்கடி கேட்கும் மறுப்பு. ஆல்ஃபாஃபோல்டு புரத வடிவங்களைக் கணித்ததற்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, தகுதியானதுதான். ஆனால் அது பாடம் படித்தது 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், ஐம்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளிலிருந்து. ரப்பருக்கோ களிம்புக்கோ செல் உறைக்கோ அப்படி ஒரே ஒரு வடிவம் கிடையாது. அவற்றுக்கு அந்த அளவில் தரவு வங்கியும் இல்லை. தரவு வேண்டுமென்றால், நல்ல சிமுலேஷனும் நல்ல சோதனையும் கைகோத்துத்தான் அதை உண்டாக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு இந்த ஆட்களின் தேவையைக் கூட்டியிருக்கிறது.

ஏழை நாட்டுக்கு இது தேவையா என்பாரும் உண்டு. ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான், அதற்குள் இது கட்டுப்படியாகாத ஆடம்பரம் அல்ல, மிகக் குறைந்த செலவில் உலகத் தரத்தை எட்டக்கூடிய துறைகளில் ஒன்று. விலையுயர்ந்த துகள் முடுக்கி வேண்டாம், அரிய ரசாயனம் வேண்டாம். நிரந்தரப் பணி கொடுத்தால் சோம்பல் வந்துவிடும் என்ற கவலை நியாயமானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கறாராக மதிப்பிடுங்கள். கட்டுரை எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அவர் எழுதிய நிரலை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அவர் கணக்கை இன்னொருவர் மறுபடி ஓட்டினால் அதே விடை வருகிறதா என்று கேளுங்கள். இந்த அளவுகோலில் தேறாதவர் வெளியேறட்டும். தேறியவரை ஒப்பந்தத்தின் கடைசி மாதத்தில் வேலை தேட விடாதீர்கள்.

மத்திய அரசும் 2023இல் சட்டம் பெற்ற அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் கேரள, தமிழ்நாடு அரசுகளும் செய்யவேண்டியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கணினிக்கென ஒதுக்கும் தொகையோடு, அதை இயக்கி நிரல் பராமரிக்கும் நிரந்தரப் பணியிடங்களையும் ஒரே ஆணையில் சேருங்கள். விதுராவில் கணக்கிடுபவரும் பாப்பனங்கோட்டில் சோதிப்பவரும் ஒரே மாணவருக்கு இணை வழிகாட்டிகளாக இருக்கத் தடையாக உள்ள விதிகளைத் தளர்த்துங்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மாணவருக்கும் திருவனந்தபுரத்துக் கணினியில் நேரம் ஒதுக்குங்கள்; மாநில எல்லை கணக்குக்குத் தெரியாது. அடுத்த மீக்கணினிக்கான கோப்பு மேசைக்கு வரும்போது, எத்தனை ஆட்கள், எத்தனை ஆண்டுகளுக்கு என்ற இரண்டு கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நிரப்பப்படவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.